கட்டப்படாத மாருதம்

நூறாவது முறையும் ராக்கெட் பிசகாமல் ஏறியது. அறுபத்தெட்டாவது விநாடியில் அதன் கீழ்ப்பகுதி எரிந்து முடிந்து கழன்றது. மேல்பகுதி தன் வழியே போய்விட, கழன்றது மட்டும் குட்டிக்கரணம் போட்டபடி இறங்கிக் கடலில் விழுந்தது. எமல்டாவின் திரையில், நீலக் கடல்மீது நூறாவது சிவப்புப் புள்ளி முளைத்தது.

காதுக்கருவியில் கைதட்டல் கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "எமல்டா, மருந்துக்குக்கூட ஒரு தடவை தப்பலியே!" என்று கூவினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் எமல்டா. வயது முப்பத்துமூன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். முன்போல உச்சியில் ஏறி உட்காரும் வேலையில்லை. 2063இல் எல்லாம் அறைக்குள் திரை முன்னால் அமர்ந்தபடிதான். அதே விரல்கள் ஞாயிறு மதியங்களில் 'ககனம்' ஆடும்.

ககனம் விளையாட்டுத்தான், ஆனால் வெறும் விளையாட்டு இல்லை. ஒரு திருகாணியின் எடையை மாற்றினால்கூட அதில் ராக்கெட்டின் பாதை மாறும். காற்று, வெப்பம், பூமியின் சுழற்சி எதையும் அது விட்டுவைக்காது. காப்பீட்டு நிறுவனங்களே அதை வாடகைக்கு எடுத்துக் கணக்குப் பார்ப்பதாகப் பேச்சு. அதற்குள் முப்பது பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. பெயர் 'கட்டாதவை'. பறந்த ராக்கெட் ஒவ்வொன்றுக்கும், காகிதத்திலேயே செத்துப்போன பத்து உடன்பிறப்புகள் உண்டு. வரைந்தார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள், கட்டாமலே விட்டார்கள். பழைய ஒப்பந்தக் காகிதங்களிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் கிடக்கும் அந்த வரைபடங்களைத் தேடியெடுத்து, விளையாட்டுக்குள் கட்டிப் பறக்கவிடுவதுதான் அவர்கள் வேலை. ஒவ்வொன்றையும் நூறு முறை பறக்கவிட்டால்தான் பட்டியலில் சேரும்.

இந்த முறை வான்நெறி நிறுவனத்தின் மாருதம். அந்த வரிசையில் மொத்தம் பதினொரு வடிவங்கள். பறந்தது மாருதம்-1 மட்டும். மற்றவற்றைக் குழு ஐந்து வருடமாக ஒவ்வொன்றாகக் கட்டி முடித்து, கடைசியாக மிஞ்சியது '2ஆ' என்று பெயரிட்ட வடிவம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாம் எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே இரண்டு பகுதிகளும் சேரும் இணைப்பு மட்டும் இரண்டு மீட்டர் கீழே இருந்தது. அதிக எடையைத் தூக்குவதற்காகக் கீழ்ப்பகுதியைக் குட்டையாக்கி மேல்பகுதியை நீட்டியிருந்தார்கள். வரைபடங்களைக் கொடுத்தவர் குழுவில் ஒருவரான பூவராகன். காற்றின் விவரங்கள் அடங்கிய கோப்பையும் அவரேதான் கொடுத்தார்.

"சராசரி விழுமிடம் என்னன்னு போடுங்க எமல்டா, பட்டியல்ல ஏத்திடலாம்" என்றார் சிங்கப்பூர்க்காரர்.

எமல்டா பொத்தானை அழுத்தினாள். நூறு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு சிறு வட்டம் வந்தது. அதன் பக்கத்தில் எண்கள்.

ஏழு டிகிரி ஐம்பத்தாறு. எழுபத்தெட்டு டிகிரி ஒன்பது.

அவள் அதை வாசிக்கவில்லை. அது அவளுக்குக் கேட்டது. அப்பாவின் குரலில் கேட்டது.

பதினேழு வருடங்களுக்கு முன், மணல்துறையில், அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படகுப்பேசியில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வந்த குரல்: "ஏழு அம்பத்தாறு, எழுபத்தெட்டு ஒம்பது. வல விட்டாச்சு. மதியத்துக்குள்ள வந்திருவோம்." ஆறு மணிக்குச் செந்தேரி ஏவுதளத்திலிருந்து மாருதம் கிளம்பியது. அதன்பின் அப்பா கஸ்பாரின் படகிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆறு பேர். ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.

ராக்கெட் கிளம்பும் நாளில் எந்தெந்த இடத்துக்குப் படகு போகக்கூடாது என்று இருபத்தோரு நாள் முன்னதாக அறிவிப்பு ஒட்டுவார்கள். அன்றைக்கு மூடியிருந்தது தொண்ணூறு மைலுக்கு அப்பால் ஒரு பகுதி. அப்பா சொன்ன இடமோ கரையிலிருந்து இருபத்தெட்டு மைல். ஆனால் விசாரணைக் குழு வேறு மாதிரி முடிவு செய்தது. படகு எச்சரிக்கையை மீறி, மூடிய பகுதிக்குள் போயிருக்கிறது. போன குற்றம் படகோட்டி கஸ்பாருடையது. மாருதத்தின் கீழ்ப்பகுதி தொண்ணூறு மைலுக்கு இப்பால் விழ வழியே இல்லை என்று நிறுவனம் கணக்கோடு காட்டியது. எமல்டா தன் காதால் கேட்டதைச் சொல்லிப் பார்த்தாள். பதினாறு வயதுப் பிள்ளை, அப்பாவை இழந்த அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

மற்ற ஐந்து பேரின் வீட்டாரும் அதன்பிறகு அவர்களோடு பேசவில்லை. மீனுக்கு ஆசைப்பட்டு எங்கள் ஆட்களைக் கொண்டுபோய்க் கொன்றவன் என்று அப்பாவின் பெயர் ஊரில் நிலைத்தது. கோயிலில் அம்மா உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மா அமலோற்பவம் மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள்.

எமல்டா ராக்கெட்டுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது வெறுப்பினால்தான். கொன்றது எது என்று தெரிந்துகொள்ளப் படித்தாள். அது எப்போது பிடித்துப்போனது என்று அவளுக்கே தெரியாது.

"எமல்டா? லைன்ல இருக்கீங்களா?"

அவள் குழுப் பேச்சை அணைத்தாள். பூவராகனை மட்டும் தனியாக அழைத்தாள். ஐந்து வருடப் பழக்கம், ஆனால் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் தெரியும். நிதானமான சிதம்பரத்துக் குரல்.

"அண்ணே, அந்தக் காத்துக் கோப்பு எந்த நாளுக்குள்ளது?"

மூச்சு மட்டும் கேட்டது.

"செந்தேரியில ஒரு காலைன்னு சொன்னிய. எந்தக் காலை?"

"உங்களுக்கே தெரிஞ்சுடுச்சுல்ல" என்றார் பூவராகன்.

அவள் கை விசைப்பலகையை விட்டு விலகியது.

"நாளைக்கு நான் தூத்துக்குடிக்கு வரேன். நேர்ல சொல்லணும். போன்ல சொன்னா நான் பாதியில வச்சிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனாள். ஏன் போனாள் என்று பின்னால் யோசித்தபோது விளங்கவில்லை. பத்து மணி வாக்கில், இருபது டன் பெட்டி ஒன்று கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கையில் அவள் விரல்கள் நின்றுபோயின. இறக்கச் சொல்லி மேற்பார்வையாளர் மூன்று முறை கூப்பிட்டார். கீழே சின்னதாக மூன்று பேர் மஞ்சள் சட்டையோடு நின்றிருந்தார்கள். பெட்டி அவர்கள் தலைக்கு மேலே இல்லை, பத்தடி தள்ளித்தான் இருந்தது. இருந்தும் அவளால் இறக்க முடியவில்லை. இன்னொருவர் வந்து அவளை எழுப்பி நகர்த்திவிட்டுத்தான் இறக்கினார்.

இரண்டு மணிக்குத் துறைமுக வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பூவராகன் காத்திருந்தார். நாற்பத்துமூன்று வயதிருக்கும், தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரலாமா என்று கேட்பவர்போல அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

"வான்நெறியில இருந்தேன். பாதைக் கணக்குப் பிரிவு. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு" என்றார்.

"நீங்க கல்லூரியில வாத்தியார்னு சொன்னிய."

"இப்ப வாத்தியார்தான். அதுக்கு முன்னாடி இது."

டீ வந்தது. இருவரும் தொடவில்லை.

"2ஆவக் கட்டவே இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க. கட்டினோம்ங்க. ஒண்ணு இல்ல, நாலு. அன்னைக்குப் போனது ஒண்ணாம் எண் இல்ல, 2ஆதான். அனுப்பவேண்டிய செயற்கைக்கோள் கடைசி நேரத்துல எடை கூடிப்போச்சு. ஒண்ணாம் எண்ணால தூக்க முடியாது. 2ஆவ மாத்தி வச்சாங்க. மாத்தினா விழுற இடம் மாறும். தொண்ணூறு மைல்ல விழவேண்டியது இருபத்தெட்டுல விழும். அப்ப அறிவிப்பையும் மாத்தி ஒட்டணும். திரும்ப இருபத்தோரு நாள் காத்திருக்கணும்."

"காத்திருக்கல."

"காத்திருக்கல. பேர மட்டும் ஒண்ணாம் எண்ணுன்னே வச்சுட்டாங்க."

எமல்டா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் சொல்வதெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது.

"அந்த எடத்துல படகு இருக்கும்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"தோணுச்சு. எங்கிட்டதான் கேட்டாங்க. சரியா அந்த நிமிஷம் அந்த இடத்துல ஒரு படகு இருக்க என்ன வாய்ப்புன்னு. நான் கணக்குப் போட்டேன். பத்தாயிரத்துல ஒண்ணுன்னு வந்துது. கீழ கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்." அவர் நிமிரவில்லை. "கணக்கு இப்பவும் சரிதான். பல தடவை திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். சரிதான்."

வாசலில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அதனாலதான் எனக்கு வரைபடம் குடுத்தியளா?"

"குழுவுல சேந்தப்போ நீங்க யாருன்னு தெரியாது. ஒருநாள் உங்க முழுப் பேரு பட்டியல்ல வந்துது. கஸ்பார் எமல்டா, மணல்துறை. அன்னைக்கே ஓடிடணும்னு நெனச்சேன். ஓடல. சொல்லிடணும்னும் நெனச்சேன். அதையும் செய்யல. நான் சொன்னா ஒரு ஆளோட வார்த்தை. மறுத்துட்டுப் போயிடுவாங்க. ஆனா இதை உலகத்துல யாரு வேணாலும் பறக்கவிட்டுப் பாத்துக்கலாம். யாரு பறக்கவிட்டாலும் அங்கதான் விழும்."

"யாரு வேணும்னாலும் பறக்க விடலாம்னா, என்னய எதுக்கு விட வச்சிய?"

அவர் தொடாத டீயைத் தள்ளிவைத்தார்.

"நூறு தடவ விட்டேன். நூறு தடவயும் எங்கையால எங்கப்பா தலையில போட்டேன். அறுபதாவது தடவ கொஞ்சம் தள்ளி விழுந்துச்சுன்னு உக்காந்து சரி பண்ணுனேன். நீங்க லைன்ல இருந்திய. 'நல்லா வந்திருக்கு'ன்னிய."

பூவராகன் முகத்தை மூடிக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் பொது இடத்தில் அப்படி அழுவதைப் பார்க்க எமல்டாவுக்குக் கூச்சமாக இருந்தது. இரக்கம் வரவில்லை.

அழுது முடித்து, அவர் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று அவர் எழுதிய வாக்குமூலம், எங்கே கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பதாகச் சொன்னார். இன்னொன்றை மேசைமேல் வைத்துவிட்டு, கையை அதன்மேலிருந்து எடுக்காமலே இருந்தார்.

"எமல்டா, இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டும் மோசம். கேட்டே ஆகணும்னு இல்ல."

"சொல்லுங்க."

"பன்னெண்டாம் நாள் எங்க கப்பல் ஒண்ணு, அந்த இடத்துலேர்ந்து கொஞ்சம் தெக்க, வலை மிதவைங்களை எடுத்துச்சு. ஆபீஸ்ல போட்டோ பாத்தேன். அதோட கப்பல்காரங்ககிட்டயும் கையெழுத்து வாங்கி மூடிட்டாங்க. மிதவைங்க தனித்தனியா இல்ல. பதினஞ்சு இருபதைச் சேத்து, கயித்தால கட்டியிருந்துச்சு, ஒரு ஆள் படுக்கற அளவுக்கு. அது தானா கட்டிக்காது."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருந்தாவளா?"

"யாரோ ஒருத்தராவது. எத்தனை நாள்னு தெரியாது. தேடின கப்பலுங்க ஒன்பது நாளும் தொண்ணூறு மைலுக்கு அந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"ஏன் அங்கனயே சுத்துச்சு? நான் எடத்தச் சொன்னேனே. எல்லாரு கிட்டயும் சொன்னேனே! மறுத்தது உங்க கம்பெனிதானே?"

அவர் கையை எடுத்தார். அது விசாரணை அறிக்கையின் ஒரு பக்கம். படகுப்பேசியில் வந்த குரல் தெளிவாகக் கேட்கவில்லை என்றும், கணவர் தொண்ணூறு மைலுக்கு அப்பால் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார் என்றும் நான்கு வரிகள். கீழே, எழுத்துக்கூட்டி எழுதிய கையெழுத்து. எமல்டா பிறந்ததிலிருந்து பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் பார்த்துவந்த கையெழுத்து.

ச. அமலோற்பவம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அவளுடைய மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எமல்டா காகிதத்தை இஸ்திரி மேசையில் வைத்தாள். அமலோற்பவம் கண்ணாடியைத் தேடவில்லை. எழுத்தைப் படிக்காமலே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, மின்னிணைப்பைப் பிடுங்கி, கயிற்றைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"மூணாம் நாளு காலையில அந்தக் கம்பெனி ஆளுவ ரெண்டு பேரு வந்தாவ. நீ கோயில்ல படுத்துக் கெடந்த. கப்பலு ரெண்டு தேடிக்கிட்டு இருக்கு, ஹெலிகாப்டரும் போயிருக்குன்னாவ. படகு மூடுன எடத்துல இருந்தாத்தான் அது எங்க பொறுப்பு. அங்கன இல்ல, வேற எங்கனயோ இருந்துச்சுன்னு நீங்க சொன்னா, சாயங்காலமே எல்லாத்தையும் திருப்பிருவோம்னாவ. காகிதத்த நீட்டுனாவ."

"படிச்சுக் காட்டுனாவளா?"

"காட்டுனாவ. கேட்டுக்கிட்டுத்தான் போட்டேன்." அம்மாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவரு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஏழு அம்பத்தாறு. ஒனக்குக் கேட்டது மாதிரிதான் எனக்கும் கேட்டுச்சு. ஆனா கப்பல் திரும்பிரக் கூடாது பாத்துக்க. கப்பல்னு ஒண்ணு கடல்ல நின்னா, எல்லா எடத்தையும் தேடும்னு நெனச்சேன்."

எமல்டாவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது.

"பெறவாவது மாத்திச் சொல்லியிருக்கலாமே எம்மா. ஊரு முழுக்க அப்பாவ ஏசுச்சே. பெர்பெத்து அத்தை மண்ண வாரித் தூத்துனாவளே. நீ பக்கத்துலதானே நின்ன."

"நின்னேன்." அமலோற்பவம் தரையில் உட்கார்ந்தாள். "வாயத் தொறந்தா, கப்பல அங்கிட்டு அனுப்புனது நாந்தான்னு ஆயிரும். அஞ்சு பேரு பொண்டாட்டியளும் எம் மூஞ்சியப் பாப்பாவ. ஏச்சு அவரு மேலயே விழட்டும்னு விட்டுட்டேன். செத்தவருக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்."

மிதவைகளைப் பற்றிச் சொல்லத்தான் எமல்டா வாயைத் திறந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து, சட்டையின் கசங்காத கையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். எமல்டா வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு இருவரும் வேறெதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

புதன்கிழமை அவள் 2ஆவின் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டாள். தேதியைப் போட்டாள், அப்பாவின் எண்களைப் போட்டாள், பூவராகனின் வாக்குமூலத்தையும் சேர்த்தாள். வாக்குமூலத்தை வெளியிடுவதற்கு முன் அவருக்குப் போன் செய்து, "அந்த மிதவை விஷயத்த மட்டும் எடுத்துருங்க" என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை. கையில் போட்டோவும் இல்லை, எடுத்தாலும் வழக்குக்குக் குறையில்லை என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் பேர் அந்த ராக்கெட்டைப் பறக்கவிட்டிருந்தார்கள். பின்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பு முழுவதும் விட்டுப் பார்த்தது. எந்த ஊரில் உட்கார்ந்து விட்டாலும், யார் விட்டாலும், இருபத்தெட்டாவது மைலில் சிவப்புப் புள்ளி விழுந்தது. வான்நெறி நிறுவனம், விளையாட்டு எப்படிச் சாட்சியாகும் என்று ஓர் அறிக்கை விட்டது. தங்கள் அடுத்த ராக்கெட்டுக்குக் காப்பீடு வாங்க அதே ககனத்தின் கணக்கைத்தான் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துப் போட்டதும், அடுத்த அறிக்கை வரவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. பூவராகன் முதல் சாட்சியாகப் போனார்.

அதோடு நிற்கவில்லை. கட்டாதவை குழுவில் யாரும் இப்போது கைதட்டுவதில்லை. முப்பது பேரும் உட்கார்ந்து, காகிதத்திலேயே செத்ததாக நம்பிய மற்ற வடிவங்களையும், நிஜத்தில் ராக்கெட்டுகள் கிளம்பிய தேதிகளைப் போட்டு ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். இன்னும் இரண்டு பொருந்தின. ஒன்று ஒரு மலைக்காட்டில், ஆடு மேய்க்கப்போன கணவனும் மனைவியும் காணாமல்போன நாள். இன்னொன்றைப் பார்த்தபின் சிங்கப்பூர்க்காரர் இரண்டு நாள் குழுப்பக்கமே வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், இட்லி வைத்தபடி, அம்மா சொன்னாள்: "ஊருக்குப் போவோம். அந்தப் பூவராகனையும் வரச் சொல்லு. அஞ்சு வீட்டுக்காரவளும் இருக்கணும். நான் சொல்லணும்."

மணல்துறைக் கோயிலின் பங்குக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐந்து குடும்பங்களும் வந்திருந்தன. செய்தியெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். கஸ்பார் மீது தப்பில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிலர் வாசலிலேயே அமலோற்பவத்தின் கையைப் பிடித்து அழுதார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். அவள் கையை விடுவித்துக்கொண்டு, "உக்காருங்க. சொன்னதுக்கு அப்புறம் அழுங்க" என்றாள்.

பூவராகன் தலையைக் குனிந்து தன் பங்கைச் சொன்னார். ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இன்னொருவர் பிடித்து உட்காரவைத்தார். பிறகு அமலோற்பவம் எழுந்து நின்றாள். மூன்றாம் நாள் வந்த இருவர், நீட்டிய காகிதம், படித்துக் காட்டியது, கேட்டுக்கொண்டே போட்ட கையெழுத்து, அதன்பின் பதினேழு வருடம் மூடிய வாய், ஒன்றையும் விடாமல் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. முடித்ததும் உட்காரவும் இல்லை. அடி வாங்க நிற்பவள்போல நின்றாள்.

மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பெர்பெத்தம்மாதான் முதலில் எழுந்தாள். அவள் கணவர் செலஸ்தீன் அந்தப் படகில் இன்ஜின் பார்த்தவர். அறுபது வயதுக்குமேல், கால் வீங்கிய உடம்பு. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மெல்ல நடந்து அமலோற்பவத்தின் எதிரில் வந்து நின்றாள். எமல்டா எழுந்துவிட்டாள். அந்தக் கை ஓங்குமோ என்று பயம்.

"ஏட்டி அமலி" என்றாள் பெர்பெத்தம்மா. "அந்தக் காகிதத்த எங்கிட்ட நீட்டியிருந்தா, நானும் போட்டுருப்பேன்."

அமலோற்பவத்தின் வாய் கோணியது. பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவளிடமிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பெர்பெத்தம்மா அவளை நாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொண்டே எமல்டாவைப் பார்த்தாள்.

"நீ படிச்ச பிள்ள. ராக்கெட்டெல்லாம் ஓட்டிப் பாத்திருக்க. ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. அவுகளுக்கு… ஒடனே ஆயிருச்சா? கெடந்து தவிக்கலியே?"

கூடத்தில் இருந்த எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பூவராகன் சுவரோரம் நின்றிருந்தார். அவர் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

எமல்டா பெர்பெத்தம்மாவின் முன்னால் குனிந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல அத்தை. ஒடனே ஆயிருச்சு. ஒரு விநாடிகூட ஆகல."